எண் இருக்கிறது; பெயர் எங்கே?

(பட்டாளத்துக்குப் போன முன்னோர்களைப் பழைய ரிகார்டுகளில் தேடுவது பற்றி நிகழ்த்திய சொற்பொழிவு)



பட்டாளத்துக்குப் போன நம் பாட்டன், முப்பாட்டன்மார்களைப் பழைய ராணுவ ரிகார்டுகளில் கண்டுபிடிப்பது எப்படி என்பது பற்றி இன்று பேச வந்திருக்கிறேன். செத்துப்போனவர்களைத் தேடிக்கொண்டிருப்பதுதானா பகுத்தறிவுக்காரர்களுக்கு வேலை என்று உங்களில் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும்.

நம் நாட்டில் முன்னோர்களைத் தேடாதவன் யார்? அமாவாசைக்கு அமாவாசை எள்ளும் தண்ணீரும் இறைக்கிறோம். காசிக்கும் கயைக்கும் ராமேஸ்வரத்துக்கும் போய்ப் பணத்தைக் கொட்டுகிறோம். நாடி ஜோதிடன் முன்னால் கைகட்டி உட்கார்ந்து, நம் தகப்பன் பெயரை அவன் சொல்லக் கேட்டு ஆச்சரியப்படுகிறோம். அதே ஜோதிடனிடம், "என் முப்பாட்டன் எந்த ரெஜிமெண்டு? பட்டாள நம்பர் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த ஏடு மட்டும் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவான்! ஜாதிக்கு ஜாதி ஒரு புராணம் எழுதிக்கொண்டு, நாங்கள் அக்கினியில் பிறந்தோம், நாங்கள் சூரியன் வம்சம் என்று அச்சுப்போட்டு விற்கிறார்கள். சூரியனுக்குப் பிள்ளை பிறந்ததற்கு ருஜு கேட்டால் கோபம் வருகிறது. ஆனால் ருஜு உள்ள முன்னோர் ஒருவர், மாதம் 11 ரூபாய் சம்பளத்துக்குக் கடல் தாண்டிப் போனவர், அவர் பெயர் என்னவென்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆகவேதான் இந்த விஷயத்தைப் பேச வேண்டியிருக்கிறது.

தோழர்களே! நம் நாட்டில் சில கிராமங்களில் ஒரு சிறு கல்வெட்டைப் பார்த்திருப்பீர்கள். 1914 முதல் 1919 வரையில் மகா யுத்தத்துக்கு இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்று அதில் வெட்டியிருக்கும். எண் இருக்கும், பெயர் இராது.

இது ஏதோ கிராமத்துக் கல்லில் இடம் போதாததால் வந்தது என்று நினைக்காதீர்கள். இராக் தேசத்தில் பஸ்ரா என்ற இடத்தில் மெசபடோமியா யுத்தத்தில் இறந்த 40,000-க்கு மேற்பட்டவர்களுக்காக 1929-ல் ஒரு பெரிய நினைவுச் சின்னம் திறந்தார்கள். அதில் வெள்ளைக்காரச் சிப்பாயின் பெயர் இருந்தது. இந்திய சுபேதார், ஜமேதாரின் பெயரும் இருந்தது. ஆனால் சாதாரண இந்தியச் சிப்பாய்க்கு மட்டும், இன்ன ரெஜிமெண்டில் இத்தனை பேர் என்ற எண்தான் கிடைத்தது. பிரான்சு தேசத்தில் நவ் சாப்பல் என்ற ஊரில் 1927-ல் திறந்த சின்னத்திலோ, 4,700-க்கு மேற்பட்ட இந்தியர்களின் பெயர்களை வெட்டியிருக்கிறார்கள். உலகம் வந்து பார்க்கும் இடத்தில் பெயர். பாலைவனத்தில் வெறும் எண்! செத்ததில் ஏதாவது வித்தியாசம் உண்டா?

யுத்தக் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் கமிஷனே ஒரு கமிட்டி போட்டு விசாரித்து, 2021-ம் வருஷம் ஏப்ரலில் உண்மையை ஒப்புக்கொண்டது. 45,000 முதல் 54,000 பேர் வரையில் மற்றவர்களுக்குச் சமமாக நினைக்கப்படவில்லை என்றும், இன்னும் குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைக்கப்படவில்லை அல்லது அடியோடு விடப்பட்டார்கள் என்றும் அந்த அறிக்கை கூறுகிறது. இவர்களில் பெரும்பாலோர் இந்தியர்களும் ஆப்பிரிக்கர்களுமே. பிரிட்டிஷ் மந்திரி பார்லிமெண்டில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு அவர்கள் கடமை. பெயரைக் கண்டுபிடித்து எண்ணுக்குப் பக்கத்தில் வைப்பது நம் கடமை.

நிற்க. பட்டாள ரிகார்டில் ஜாதி எப்படிப் புகுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஆளைப் பட்டாளத்தில் சேர்த்தால் அவர் பெயர், தகப்பன் பெயர், கிராமம், தாலூக்கா, ஜில்லா, உயரம், அங்க அடையாளம் எல்லாம் எழுதுவார்கள். கூடவே ஜாதியும் எழுதுவார்கள். பழைய சென்னைப் பட்டாளத்தில் ஆதிதிராவிடர்களும், முஸ்லிம்களும், தெலுங்கர்களும், மற்றத் தமிழர்களும் சேர்ந்தே இருந்தார்கள். பின்னால் 1881 முதல் 1885 வரை இங்கே சேனாதிபதியாயிருந்து, பிறகு இந்தியா முழுமைக்கும் சேனாதிபதியான ராபர்ட்ஸ் போன்றவர்கள், வீர ஜாதி என்றும் வீரமில்லாத ஜாதி என்றும் ஒரு புது மனுதர்மத்தைக் கண்டுபிடித்தார்கள். தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்றார்கள். சில சென்னை ரெஜிமெண்டுகளைப் பஞ்சாபியரைக் கொண்டு மாற்றி அமைத்தார்கள், பலவற்றைக் கலைத்தார்கள். சேரியிலிருந்து ஒருவன் தலைநிமிர்ந்து போகக் கிடைத்திருந்த ஒரு வழியும் இவ்விதமாக அடைபட்டது.

பிறகு இரண்டாவது மகா யுத்தம் வந்து ஆள் தேவைப்பட்டதும் சென்னை ரெஜிமெண்டை மறுபடியும் திரட்டினார்கள். அப்போது லாயக்கின்மை எங்கே போயிற்று? 1944-ல் இத்தாலி தேசத்தில், கண்ணிவெடி வெடித்து மற்றவர்கள் சாகாமலிருக்க அதன்மேல் தானே விழுந்து உயிர்விட்டவர், காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த சென்னை சாப்பர்ஸ் சுபேதார் சுப்பிரமணியன். ஜார்ஜ் கிராஸ் பெற்றவர் அவர். ஜாதியைப் பார்த்து வீரத்தை நிறுத்தவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டுமா?

இனி தேடும் வழியைச் சொல்லுகிறேன்.

முதலாவது, எங்கேயும் போகாமல் உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மெடல் இருந்தால் அதன் முகத்தைவிட விளிம்புதான் முக்கியம். 1914 யுத்தத்து மெடலின் விளிம்பில் சிப்பாயின் நம்பர், பெயர், ரெஜிமெண்டு ஆகியவை பொறித்திருக்கும். வெள்ளியென்று தட்டானிடம் கொடுத்து உருக்கிவிட்டால், உங்கள் பாட்டனின் ருஜுவையே உருக்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். டிஸ்சார்ஜ் சர்ட்டிபிகேட், பென்ஷன் புத்தகம், உடுப்புப் போட்ட படம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்துங்கள். பாட்டி விதவைப் பென்ஷன் வாங்கியிருந்தால் அந்தக் காகிதத்தில் அவர் பெயரும் இருக்கும்.

இரண்டாவது, யுத்தத்தில் இறந்தவராயிருந்தால் மேற்படி கமிஷனின் பெயர்ப் பட்டியலை இப்போது கைப்பேசியிலேயே காசில்லாமல் பார்க்கலாம். பஸ்ராவில் கல்லில் இல்லாத பெயர்கள் இந்தப் பட்டியலில் இருக்கின்றன. நம்பர், பதவி, ரெஜிமெண்டு, இறந்த தேதி கிடைக்கும். பலருக்குத் தகப்பன் பெயரும் கிராமமும், சிலருக்கு மனைவி பெயரும்கூட உண்டு. ஆனால் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி இங்கிலீஷில் எழுதியிருப்பான். கோவிந்தசாமி என்ற ஒரே பெயருக்கு நாலு விதமான எழுத்து இருக்கலாம். ஒன்றில் கிடைக்காவிட்டால் மற்றதில் தேடுங்கள்.

மூன்றாவது, உயிரோடு திரும்பியவர்களுக்கு ரெஜிமெண்டு ரிகார்டு ஆபீஸ்தான் கதி. சாப்பர்ஸுக்குப் பெங்களூரிலும், சென்னை ரெஜிமெண்டுக்கு நீலகிரி வெலிங்டனிலும் இருக்கின்றன. நம்பர் இல்லாமல் எழுதினால் வைக்கோற்போரில் ஊசி தேடுவது போலத்தான்.

நான்காவது, கம்பெனிக் காலத்து ஆளாயிருந்தால் சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்கோ, லண்டனிலுள்ள பிரிட்டிஷ் லைப்ரரிக்கோ போக வேண்டும். அங்கே வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு ஆள்வாரியாகப் பட்டியல் இருக்கிறது. நம் சிப்பாய்க்கு அப்படியில்லை. அதிகாரியாக உயர்ந்தவர் பெயர் ராணுவ லிஸ்டில் வரும். தண்டனை அடைந்தவர் பெயர் விசாரணையில் வரும். 1806-ம் வருஷம் ஜூலை 10-ந் தேதி வேலூர்க் கோட்டையில் எழுந்த சிப்பாய்களில் பலர் பெயர் நமக்குத் தெரிகிறதென்றால், அது பிறகு நடந்த விசாரணையால்தான். ஏழையின் பெயரை எழுதச் சர்க்காருக்கு அவன் குற்றவாளியாக வேண்டியிருந்தது!

பஞ்சாபில் 1919-ல் கிராமவாரியாக எழுதிவைத்த 3,20,000 பேருடைய விவரங்கள் லாகூர் மியூசியத்தில் நூறு வருஷ காலம் கேட்பாரற்றுக் கிடந்தன. 2021-ல்தான் அவற்றில் முதல் பகுதி பொதுஜனங்கள் பார்க்க வெளிவந்தது. ஆகவே காகிதம் இல்லை என்று சீக்கிரம் சொல்லிவிடக் கூடாது.

தோழர்களே! கடைசியாக ஒரு எச்சரிக்கை. புராணத்தை விட்டுவிட்டு ரிகார்டிலே புராணம் செய்யாதீர்கள். பட்டாளத்தில் முனுசாமிகள் எத்தனையோ பேர். பெயர் ஒத்துவிட்டது, ஆகவே இவர்தான் என் பாட்டன் என்று சொல்லுவதும் நாடி ஜோதிடமும் ஒன்றே. தகப்பன் பெயர், கிராமம், ரெஜிமெண்டு, வருஷம் ஆகியவையும் ஒத்துவர வேண்டும். தேடிப் போனவர் சுபேதாராக இல்லாமல் சமையற்காரராகவோ, தண்ணீர் சுமந்தவராகவோ, கோவேறு கழுதை ஓட்டியவராகவோ இருக்கலாம். மறைக்காமல் அப்படியே எழுதுங்கள். தண்ணீர் சுமந்தவன் இல்லாமல் எந்த ராஜா யுத்தம் ஜெயித்தான்? ஓடிப்போனவர் என்றிருந்தால் அதையும் எழுதுங்கள். அவர் போனது யாருடைய யுத்தத்துக்கு என்பதும் நமக்குத் தெரியும். வயிற்றுக்காகப் போனார், உயிரையும் கொடுத்தார். நாம் தேடுவது வீர வம்சப் பெருமைக்காக அல்ல. மனிதனை எண்ணாக எழுதியதை ஒப்புக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே.

உங்கள் ஊர்க் கல்லில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அதில் ஊர்த்தெரு எத்தனை, சேரி எத்தனை என்று பிரித்திருக்கிறதா? இல்லை. ஆகவே வாசகசாலையில் ஒரு நோட்டுப் புஸ்தகம் வையுங்கள். எல்லாத் தெருவிலும் விசாரியுங்கள். ருஜுவான பெயர்களை ஒரே வரிசையில், ஜாதிக் கலம் இல்லாமல் எழுதுங்கள். எண் நிறைந்ததும் அந்தப் பெயர்களைக் கல்லின் பக்கத்தில் எழுதி வையுங்கள். ஆனால் அந்தக் கல்லுக்கு மஞ்சள் பூசி, மாலை போட்டு, சூடம் கொளுத்தி, உண்டியல் வைத்துவிடாதீர்கள். நமக்கு வேண்டியது இன்னொரு சாமி அல்ல, அந்த மனிதர்களின் பெயர் என்று சொல்லி என் பேச்சை முடித்துக்கொள்ளுகிறேன்.