பேனாக்கத்தி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியராகிய எம்மைப் பேச அழைத்த அன்பர்கள், இலக்கியத்தில் ஏதேனும் ஒரு பொருளை எடுத்துக்கொள்வோமென்று எதிர்பார்த்திருக்கக்கூடும். யாமோ பேனாக்கத்தியைப் பற்றிப் பேச எழுந்துள்ளோம். இஃது அற்பப் பொருளென்று எண்ணற்க. கல்விக்கும் இதற்கும் நெடுநாளைய உறவு உண்டு.

சில மாதங்களுக்கு முன் எம் வகுப்பு மாணவன் ஒருவன் மடக்குக் கத்தியொன்றை வைத்திருக்கக் கண்டோம். பள்ளிக்குக் கத்தி கொண்டுவரலாகாது என்பது விதி. உடனே பறித்துக்கொண்டோம். மறுநாள் அவனுடைய பாட்டனார் வந்தார். கத்தி அவருடையதாம்; நாற்பதாண்டுகளாக அவர் மடியில் இருந்து, பேரனுக்கு அன்பாய் அளிக்கப்பட்டதாம். அதனை அவர் கையிலே கொடுத்து விதியையும் எடுத்துரைத்தோம். அவர் சினங்கொள்ளவில்லை. "பறித்தது சரிதானுங்க ஐயா, பிடிக்கச் சொல்லிக் கொடுக்கிறது யாருங்க?" என்று மட்டும் கேட்டுச் சென்றார். அன்று எம்மிடம் விடையில்லை. இவ்வுரை அவ்விடையைத் தேடும் முயற்சியேயாம்.

முதலிற் பெயரை நோக்குவோம். 'பேனா' என்பது போர்த்துக்கீசியர் வழியாக நம் மொழிக்கு வந்த சொல். அதன் முதற்பொருள் இறகு என்பதே. உலோக முள் பரவுவதற்கு முன், மேலைநாட்டார் வாத்தினத்துப் பறவைகளின் இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதினர். எழுத எழுத முனை தேயும். தேய்ந்த முனையைச் சீவுதற்கு எழுதுவோர் சிறு கத்தியொன்றை உடன் வைத்திருந்தனர். அதுவே பேனாக்கத்தி. ஆகவே இது போர்க்களத்தில் பிறந்ததன்று, எழுதுபலகையருகே பிறந்தது.

நம் நாட்டு வழக்கும் இதற்கு வேறுபட்டதன்று. எழுத்தாணிகளுள் மடக்கெழுத்தாணி என்பது ஒரு வகை. அதன் பிடியில் ஆணியும் கத்தியும் மடங்கிக் கிடக்கும். ஓலையை நறுக்கி வாருதற்குக் கத்தி, எழுதுதற்கு ஆணி. ஆணியைப் பிடித்த கை கத்தியையும் பிடித்தது. கூரிய பொருளைக் கையாளும் நிதானமும் எழுத்தோடு சேர்ந்தே பயின்று வந்தது.

இனி ஜப்பான் தேசத்துச் செய்தியொன்று கேண்மின். ஹ்யோகோ மாகாணத்து மிகி என்னும் ஊர் கொல்லர் தொழிலுக்குப் பேர்போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் 'ஹிகோனோகாமி' என்னும் மடக்குக் கத்தி அங்கே தோன்றியது. மடித்த தகடே அதன் பிடி. ஓர் அலகு, ஓர் ஆணி, அலகின் அடியில் ஒரு சிறு நெம்பு. வேறு பூட்டு இல்லை. பெருவிரலால் நெம்பை அழுத்திக்கொண்டிருந்தால்தான் அலகு நிலைத்து நிற்கும். பள்ளிச் சிறுவர் இதனாற் பென்சில் சீவினர். மூங்கிலிற் பொம்மை செய்தனர். 1960 அக்டோபரில் அந்நாட்டு அரசியல் தலைவரொருவர், பேசிக்கொண்டிருந்த மேடையிலேயே பதினேழு வயது இளைஞனாற் குத்தப்பட்டு இறந்தார். கருவி சிறுவாள், சட்டைப்பைக் கத்தியன்று. ஆயினும் சிறுவர் கையில் அலகு இருத்தல் ஆகாது என்னும் இயக்கம் நாடெங்கும் பரவிற்று. பென்சில் சீவும் பொறிகள் அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டன. அச்சத்தை யாம் பழிக்கவில்லை. பெற்றோரின் அச்சம் நியாயமானதே. அதனால் ஒரு கைப்பழக்கம் அருகியதையும் சொல்லவேண்டுமன்றோ?

வேறொரு வழியும் உண்டு. பிரான்சு தேசத்துச் சவாய் மலைநாட்டில் ஜோசப் ஒபினெல் என்பார் 1890-இல் மரப்பிடியுள்ள எளிய கத்தியொன்றைச் செய்தார். 1897-இல் அது ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்ட அளவுகளில் வெளிவந்தது. உழவரும் மேய்ப்பரும் அதனை விரும்பிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டனர். வெட்டும்போது அலகு மடங்கி விரலை அறுக்கும் அபாயம் இருந்தது. 1955-இல் அலகை நிறுத்தும் திருகு வளையம் சேர்க்கப்பட்டது. பிற்காலத்திற் சிறுவர்க்கென்றே முனையை மழுங்க வளைத்த கத்தியும் செய்தனர். அபாயத்தைக் கண்டு பொருளை எறியவில்லை, அபாயத்தையே குறைத்தனர்.

அன்பர்களே! இவற்றாற் பெறப்படுவது யாது? விலக்குதல் பள்ளியின் கடமை. பயிற்றுதல் வீட்டின் கடமை. நூறு பிள்ளைகள் நெருங்கியிருக்கும் இடத்திற் கத்தி வேண்டாம். இரயில், விமானம் முதலியவற்றின் விதிகளையும் மதித்து நடக்கவேண்டும். வீட்டுத் திண்ணையிலோ, பாட்டன் அருகிருக்கப் பேரன் மாங்காய் அரிந்தால் வரும் கேடு என்ன?

அங்ஙனம் கற்பிக்கத்தக்கவை சிலவே. அலகு உடலுக்கு எதிர்ப்புறமாகவே செல்லவேண்டும். பிறர்க்குக் கொடுக்கும்போது மடக்கியே கொடுக்கவேண்டும். கத்தியைத் திருப்புளியாகவும் நெம்புகோலாகவும் ஆக்கலாகாது. இரும்பலகாயின், புளிப்புள்ள பழத்தை அரிந்தவுடன் துடைத்து உலர்த்தி ஒரு துளி எண்ணெய் இடவேண்டும், இல்லையேல் துருவேறும். சாணைக்கல்லில் அவ்வப்போது தீட்டவேண்டும். மழுங்கிய கத்தியே கையை அதிகம் வெட்டும். ஏனெனின் அதனை வலிந்து அழுத்துகின்றோம், அழுத்துகையில் அது வழுக்குகின்றது.

எம் மடியிலும் ஒரு கத்தி நாள்தோறும் உண்டு. பள்ளி நாட்களில் மட்டும் அது வீட்டு மேசையில் தங்கும். மாணவனுக்கு ஆகாதது ஆசிரியனுக்கும் ஆகாது. மாலையில் வீடு திரும்பியபின் அஞ்சலுறை பிரிக்கவும், கயிறு அறுக்கவும், பழம் அரியவும் அதுவே உதவும். அண்மையில் எம் மகளை அருகிருத்திப் பென்சில் சீவக் கற்பித்தோம். முதல் நாள் மூன்று பென்சில்கள் முறிந்தன. நான்காவது நன்றாய் அமைந்தது. விரலிற் காயமில்லை. அன்றிரவு அவள் அதனைத் தலையணையருகே வைத்துக்கொண்டு உறங்கினாள்.

பாட்டனார் கேள்விக்கு எம் விடை இதுவே: பிடிக்கக் கற்பிப்போர் நாமே. நம் சங்கத்து மூத்தோர் தத்தம் பேரக்குழந்தைகளுக்கு இவ்விடுமுறையில் ஒரு நாளேனும் இதனைக் கற்பிக்க வேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகின்றோம்.