தீட்டு மண்ணில் எங்கே ஒட்டுகிறது?

(திருவண்ணாமலைக் கூட்டத்தில் பேசியது. பேச்சை அதிகம் திருத்தாமல் எழுதியிருக்கிறேன்.)



மண்பாண்டக் கலை பற்றிப் பேசப் போறேன்னு சொன்னதும், "நம்ம கூட்டத்துல பீங்கான் எதுக்கு?"ன்னு ஒரு தோழர் கேட்டார். நியாயமான கேள்வி. என் பேச்சு முழுக்க அவருக்கான பதில்தான்.

இங்கேயிருந்து செஞ்சி, திண்டிவனம் வழியாகப் போனால் புதுச்சேரி. அங்கே 1971இல் டெபோரா ஸ்மித், ரே மீக்கர் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 'கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி' என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். ஸ்மித் ஜப்பானில் பிசென் என்ற இடத்தில் தொழில் கற்றவர். அங்கே பாண்டத்துக்கு மேல்பூச்சு கிடையாது; நெருப்பும் விறகுச் சாம்பலும் என்ன கோலம் போடுகிறதோ அதுதான் நிறம். மீக்கர் தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் முதலில் கட்டடக் கலையும் பிறகு மட்கலையும் படித்தவர். நம் பக்கத்தில் அப்போது இருந்தவை ஊர்க் குயவரின் பானையும் தொழிற்சாலை ஊறுகாய் ஜாடியும். சிறு பட்டறையில் கையால் வனைந்து, விறகுச் சூளையில் கல்போலச் சுடும் 'ஸ்டோன்வேர்' இங்கே வேர்பிடித்தது இவர்களால்தான்.

இதில் வெப்பம்தான் சங்கதி. ஊர்ச் சூளையில் வைக்கோல், வறட்டி, சுள்ளி போட்டு எரித்தால் 700, 800 டிகிரி வரும். அந்தச் சூட்டில் மண் இறுகும், ஆனால் நுண்துளைகள் மூடாது. நீர் கசிந்து ஆவியாகிறது, அதனால்தான் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. 1300 டிகிரியை நெருங்கும்போது மண்ணுக்குள் இருப்பதில் ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகித் துளைகளை அடைத்துவிடுகிறது. பிறகு அது எதையும் உறிஞ்சாது.

இந்தத் துளையைத்தான் பார்ப்பனியம் சட்டமாக்கி வைத்திருந்தது. பித்தளைச் சொம்பை நாம் தொட்டுவிட்டால் புளி போட்டுத் தேய்த்து எடுத்துக்கொள்ளலாம். மண்பானையைத் தொட்டுவிட்டால் உடைக்கணும். தீட்டு உள்ளே ஊறிவிட்டதாம்! சண்டாளர் உடைந்த பாண்டத்தில்தான் உண்ண வேண்டும் என்கிறது மனு. பேஷ்வாக்களின் பூனாவில் தீண்டப்படாதவர்கள் எச்சில் தரையில் விழாதபடி கழுத்தில் மண்சட்டியைக் கட்டிக்கொண்டு நடக்க வேண்டியிருந்ததை, 1936இல் வெளியிட்ட 'சாதி ஒழிப்பு' உரையில் அண்ணல் அம்பேத்கர் பதிவு செய்திருக்கிறார். களிமண்ணின் அழகியல் பற்றி யார் என்ன பேசினாலும் அந்தச் சட்டிதான் என் கண்ணுக்கு முன்னால் வருகிறது. கலை வரலாற்றுப் புத்தகங்களில் அதற்கு இடமில்லை.

அப்படின்னா 1300 டிகிரியில் சுட்ட கோப்பையில் தீட்டு ஒட்டாதுதானே? இந்தக் கணக்கை மேலும் ஒரு படி போட்டுப் பாருங்க. டீக்கடைக் கண்ணாடி கிளாஸுக்குத் துளையே கிடையாது. ஆனாலும் நமக்கென்று தனி கிளாஸ் வைத்தார்கள், கொட்டாங்கச்சியில் ஊற்றினார்கள். பல இடங்களில் இப்போது காகிதக் கோப்பை வந்து விவகாரத்தை மூடி மறைக்கிறது. தீட்டு பாண்டத்தில் என்றைக்குமே ஒட்டவில்லை.

இனி, மண்ணைத் தொடும் கைக்கு வருவோம். மீக்கரிடம் பயின்ற ஆதில் ரைட்டர், வினீத் கக்கர் இருவரும் கட்டடக் கலை படித்தவர்கள். விரும்பி மண்ணுக்கு வந்தார்கள், வனைந்தார்கள், கலைஞர்கள் ஆனார்கள். அதில் எனக்குப் புகார் ஒன்றுமில்லை, சந்தோஷம்தான். ஒரு தொழில் சாதியிலிருந்து கழன்று வந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. ஆனால் அதே சக்கரத்தைச் சுற்றும், கார்த்திகைக்கு இந்த ஊருக்கு அகல் விளக்கு செய்துதரும் குயவருக்கு 'கலைஞர்' என்ற பெயர் வருவதில்லை, சாதிப்பெயர்தான் வருகிறது. அவர் தலித் இல்லைதான், படிக்கட்டில் நமக்கு மேலே நிற்பவர்தான். ஆனாலும் அவரையும் அந்தப் படியிலேயே ஆணி அடித்து வைத்திருக்கிறார்கள்.

நான் வங்கி எழுத்தர். கடன் விண்ணப்பங்கள் என் மேசைக்கு வரும், அதனால் இதைச் சொல்கிறேன். 2023 செப்டம்பர் 17இல் ஒன்றிய அரசு 'பி.எம். விஸ்வகர்மா' திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள், குயவுத் தொழிலும் உண்டு. முதலில் 1 லட்சம், பிறகு 2 லட்சம், வட்டி 5 விழுக்காடு. தொகை தேவையானதுதான். ஆனால் குடும்பத் தொழிலாக இருக்கணும் என்று நிபந்தனை! அப்பன் வனைந்திருந்தால் மகனுக்குக் கடன். நம்ம பிள்ளை ஒருத்தன் சக்கரத்தில் உட்கார ஆசைப்பட்டால்? இந்த வடிவில் ஏற்க முடியாது என்று 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு எழுதியது. அடுத்த மாதமே சாதி பார்க்காத 'கலைஞர் கைவினைத் திட்டம்' ஒன்றை அறிவித்தது. அரசைப் புகழ்வது நம் வேலை இல்லை, ஆனால் இந்த எதிர்ப்பு சரியானது. 18 வயசுப் பையனிடம் 'அப்பா தொழிலைச் செய்'னு வட்டிச் சலுகையோடு சொல்வது குலக்கல்வி அல்லாமல் வேறென்ன?

மீக்கர் செய்ததில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அவருடைய குடுவைகளோ பெரிய சிற்பங்களோ அல்ல, வீடுகள். ஈரானியக் கட்டடக் கலைஞர் நாதர் கலிலியின் முயற்சியைப் பின்பற்றி, 1980களின் நடுவிலிருந்து மண்வீடுகளை அப்படியே சுட்டுப் பார்த்தார். பச்சை மண்கல்லால் வளைவுக் கூரையோடு வீடு கட்டுவது, உள்ளே பச்சைச் செங்கல்லையும் ஓட்டையும் அடுக்குவது, வீட்டையே சூளையாக்கி நாள்கணக்கில் எரிப்பது. வீடும் வேகும், உள்ளே இருக்கும் சரக்கும் வேகும். சரக்கை விற்று விறகுச் செலவை ஈடுகட்டணும் என்பது கணக்கு. ஏழைக்குக் குறைந்த செலவில் உறுதியான வீடு என்ற கனவு அது. எரிபொருள் செலவில் அது பரவாமல் நின்றுபோனது.

நெருப்புக்குள் போய்த் திரும்பிய வீடு. இதை வாசித்தபோது எனக்குக் கீழ்வெண்மணி ஞாபகம் வந்தது. 1968 டிசம்பர் 25. கூலி கேட்டவர்களின் சேரியில், ஒரே குடிசைக்குள் 44 பேர். 2012இல் தருமபுரி நாயக்கன்கொட்டாயில் மறுபடியும் வீடுகள் எரிந்தன. நம் கூரைகள் ஏன் எரிகின்றன என்பது தொழில்நுட்பக் கேள்வி அல்ல, தெரியும். சுட்ட வீடு கட்ட முதலில் காலடியில் பட்டா வேணும், அதுவும் தெரியும். இருந்தாலும் கட்டடக் கலை படிக்கிற நம் மாணவர்கள் இந்தச் சோதனையை, அதன் தோல்வியையும் சேர்த்துப் படிக்கணும்னு நினைக்கிறேன். நம் பொறியியல் பட்டதாரிகளுக்கு சிமென்ட்டைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை.

இன்னொரு வேலையும் இருக்கு. அந்தப் பட்டறையில் உள்ளூர் ஆட்கள் பலர் தொழில் கற்றார்கள். மண் மிதித்தவர்கள், விறகு போட்டவர்கள், வனைந்தவர்கள். சிலர் வெளியே வந்து சொந்தப் பட்டறை வைத்தார்கள். இன்று 'பாண்டிச்சேரி பாட்டரி' என்று கடைகளில் விற்பதில் அவர்களுடைய கைவேலை நிறைய இருக்கிறது. கண்காட்சி மலர்களில் வினீத், ஆதில் பெயர்களைப் படிக்கலாம், இவர்களுடைய பெயர்களைத் தேடணும். எந்தத் தெருவிலிருந்து வந்தார்கள், எந்தச் சாதி, மண்ணை முதலில் தொட்டபோது வீட்டில் என்ன சொன்னார்கள் என்று கேட்டுவர இரண்டு மாணவர்கள் போதும். பஸ் செலவை நான் ஏற்கிறேன். எழுதிக் கொண்டுவாங்க, அடுத்த இதழில் போடலாம்.