ஆலோசகர் அறையில் என்ன பேசுவது?

சங்கத்தின் குடும்பச் சந்திப்புக்காக எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலைக்கு வந்திருக்கிறோம். இங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்களிடம், கணவன் மனைவி பிணக்கை ஊர்க்கவுண்டர் முன்னிலையில் பேசித் தீர்க்கும் பழைய வழக்கம் உண்டு. நம் அடுக்குமாடியில் அப்படி ஒருவர் இல்லை. பக்கத்து வீட்டுக்குத் தெரியக் கூடாது என்று மறைக்கிறோம்; முற்றியதும் நேரே கோர்ட்டுக்குப் போகிறோம்.

அங்கே பேசுவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். 1984-ஆம் ஆண்டு குடும்ப நீதிமன்றச் சட்டப்படி, வழக்கின் தன்மைக்கு ஏற்றவரை முதலில் சமரசத்துக்கு முயல்வது நீதிமன்றத்தின் கடமை (பிரிவு 9). அதற்குத் துணையாக ஆலோசகர்கள் உண்டு (பிரிவு 6). மருத்துவர், சமூகநலப் பணியாளர் போன்ற வல்லுநர்களின் உதவியையும் நீதிபதி கேட்கலாம் (பிரிவு 12). இங்கிலாந்தில் 2001 வரை நன்னடத்தை அலுவலர்கள் இதுபோன்ற பணியைச் செய்தார்கள்.

ஆலோசகர் உங்கள் வக்கீல் அல்ல. எதிராளியின் ஆளும் அல்ல. தீர்ப்பு சொல்பவரும் அல்ல. ஆனால் அவரிடம் போவதை வெறும் சம்பிரதாயமாக நினைக்காதீர்கள். சமரச மையத்தில் பேசுவது பொதுவாக ரகசியம். குழந்தை யாரிடம் வளர வேண்டும் என்ற வழக்கில் நிலைமை வேறு. அதில் ஆலோசகரின் அறிக்கையை நீதிபதி பார்க்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் தெளிவாகச் சொல்லிவிட்டது.

ஆகவே மூன்று விஷயங்கள். குறித்த தேதியில் தவறாமல் போங்கள். பழைய குறைகளை அடுக்குவதைவிட, குழந்தையின் பள்ளி, உடல்நலம், செலவு, பார்க்கும் நாள் பற்றிப் பேசுங்கள். குழந்தைக்கு “இப்படிச் சொல்” என்று சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள். அது குழந்தையின் தலையில் நாம் ஏற்றும் சுமை.

ஒரு எச்சரிக்கை. அடி, மிரட்டல் இருக்கும் வீட்டில் “அனுசரித்துப் போ” என்பது ஆலோசனை ஆகாது. அதை ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லுங்கள். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதுகாப்பு அலுவலர் நடந்ததை எழுதி மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவார். அவசர உதவிக்குப் பெண்கள் 181-ஐ அழைக்கலாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்கு எண் 15100.

நம் பிளாக்கில் யாராவது தனியாகத் தவிப்பது தெரிந்தால், வம்பு பேசாமல் இந்த இரண்டு எண்களையும் கொடுங்கள்.