பணி மாறினும் நோக்கம் மாறாதவர்: கிரேஸ் ஹாப்பர்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாண்டுகளாகக் கவிதையும் கதையும் திறனாய்வும் பேசப்பட்டுவரும் இம்மேடையில், கணிப்பொறிக்கு நிரல் எழுதிய ஓர் அம்மையாரைப் பற்றிப் பேச முன்வந்துள்ளேன். இலக்கிய அவைக்கும் இயந்திரத்திற்கும் என்ன உறவு என்று அன்பர்கள் சிலர் எண்ணக்கூடும். பொறிக்கும் மனிதருக்கும் இடையே எந்த மொழி நிற்க வேண்டும் என்னும் ஒரே வினாவிற்குத் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தவர் அவர். மொழியைப் பற்றிய வினா எதுவாயினும் அது இவ்வவைக்கு உரியதே என்பது என் துணிபு.

இன்னொரு காரணமும் உண்டு. மென்பொருள் துறையில் பணிபுரியும் நம் பிள்ளைகள் அடிக்கடி வேலை மாறுகின்றனர். ஓரிடத்தில் நிலைத்து நில்லாமல் இப்படித் தாவுகின்றார்களே என்று பெற்றோர் வருந்துகின்றனர். உலகம் மாறும்போது நாங்கள் மாறாதிருக்க இயலுமா என்று பிள்ளைகள் கேட்கின்றனர். இருசாராரும் எண்ணிப்பார்ப்பதற்கு ஏற்ற வாழ்க்கை கிரேஸ் ஹாப்பர் அம்மையாருடையது.

அவர் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் நியூயார்க் நகரில் பிறந்தார். ஏழு வயதில், எழுப்புமணிக் கடிகாரம் எப்படி இயங்குகிறது என்று அறிய விரும்பி, வீட்டில் இருந்த கடிகாரங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்துப் போட்டார். அன்னையார் கண்டபோது ஏழு கடிகாரங்கள் உருக்குலைந்து கிடந்தன. அவர் மகளை அடிக்கவில்லை. இனி ஒரே ஒரு கடிகாரத்தோடு நிறுத்திக்கொள் என்று மட்டும் கூறினாராம். பிற்காலத்தில் அம்மையார் பலமுறை சொல்லி மகிழ்ந்த நிகழ்ச்சி இது.

வாசர் கல்லூரியிலும் பின்னர் யேல் பல்கலைக்கழகத்திலும் பயின்று, 1934இல் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். பெண்கள் கணிதத்தில் அப்பட்டம் பெறுவது அரிதாயிருந்த காலம் அது. 1931 முதல் வாசர் கல்லூரியிலேயே கணிதம் கற்பித்து வந்தார். மதிப்பும் நிலையான ஊதியமும் உடைய அப்பணியில் அவர் ஓய்வு பெறும்வரை இருந்திருக்கலாம். எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள்.

இரண்டாம் உலகப் போர் அவர் வாழ்வைத் திருப்பியது. 1943இல், தம் முப்பத்தேழாம் வயதில், கடற்படையின் மகளிர் பிரிவில் சேர முன்வந்தார். வயது கூடுதல் என்றனர். உடல் எடையோ விதித்த அளவுக்குப் பதினைந்து பவுண்டு குறைவு. சிறப்பு அனுமதி பெற்றுச் சேர்ந்தார். பயிற்சி வகுப்பில் முதலிடம் பெற்று வெளிவந்த அவரை, 1944ஆம் ஆண்டு ஜூலையில், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஹோவர்டு எய்க்கன் என்பார் உருவாக்கிய மார்க்-1 என்னும் கணிப்பொறியின் முன் கொண்டுபோய் நிறுத்தினார்கள்.

ஐம்பத்தோரு அடி நீளம், எட்டடி உயரம், ஏறத்தாழ ஐந்து டன் எடை கொண்டது அப்பொறி. நொடிக்கு மூன்று கூட்டல் செய்யும். ஒரு பெருக்கலுக்கு ஆறு நொடி வேண்டும். இன்று நம் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசியோடு ஒப்பிட்டால் நகைப்புக்குரியதாகத் தோன்றும். அன்றோ அது வியப்பின் எல்லை. ஏழு கடிகாரங்களைப் பிரித்த கைகளுக்கு, பிரித்து அறிய முடியாத அளவுக்குப் பெரிய ஒரு கடிகாரம் கிடைத்தது போலாயிற்று. அப்பொறியை இயக்கும் முறையை விளக்கி ஐந்நூறு பக்கங்களுக்கு மேற்பட்ட கையேடு ஒன்றை உருவாக்குவதில் முதன்மைப் பங்கு அவருடையது. அக்கையேடு 1946இல் வெளிவந்தது.

அடுத்துவந்த மார்க்-2 பொறியின் இணைப்பு ஒன்றுக்குள் 1947 செப்டம்பர் 9ஆம் நாள் ஓர் அந்துப்பூச்சி சிக்கிக் கிடந்ததையும், அதைப் பணிக்குறிப்பேட்டில் ஒட்டிவைத்ததையும் பலர் கேள்வியுற்றிருப்பீர்கள். நிரல் பிழையைப் பூச்சி என்று அழைக்கும் வழக்கம் அன்றுதான் பிறந்தது என்பர். அது சரியன்று. பொறியியலார் பல்லாண்டு முன்பே அச்சொல்லை ஆண்டுவந்தனர். அதனால்தான் உண்மைப் பூச்சியைக் கண்டதும் அவர்களுக்கு நகைச்சுவை தோன்றியது. பூச்சியைப் பிடித்தவர் அம்மையார் என்பதற்கும் சான்றில்லை. அக்கதையைப் பரப்பிய பெருமை அவருக்கு உண்டு.

1949இல் அவர் மீண்டும் இடம் மாறினார். பிலடெல்பியாவில் எக்கர்ட், மாக்லி ஆகிய இருவர் நடத்திய சிறு நிறுவனத்தில் சேர்ந்தார். யூனிவாக் என்னும் வணிகக் கணிப்பொறியை அவர்கள் உருவாக்கிக்கொண்டிருந்தனர். நிறுவனத்திடம் போதிய பணமில்லை. மறு ஆண்டே அது ரெமிங்டன் ராண்டு என்னும் பெரிய நிறுவனத்தின் கைக்குச் சென்றது. நாற்பத்திரண்டு வயதில் இத்தகைய ஆபத்தான இடத்திற்கு ஏன் சென்றார்? அவர் பின்னர் செய்த பணியே அதற்கு விடை.

அக்காலத்தில் பொறியிடம் பேச வேண்டுமாயின் எண்களாலேயே பேச வேண்டும். அந்நிறுவனத்தின் பைனாக் என்னும் பொறி, எட்டை அடிப்படையாகக் கொண்ட எண்முறையில் ஆணைகளை ஏற்றது. அம்முறையில் எட்டு என்பதைப் பத்து என்று எழுதுவர். அம்மையார் அதில் ஊறித் திளைத்தார். அதன் விளைவாக, தம் வங்கிக் கணக்கேட்டின் இருப்பு வங்கியின் கணக்கோடு ஒத்துவராமல் திகைத்தார். வங்கித் துறையில் இருந்த தம்பியார் ஆராய்ந்து பார்த்து, அக்காள் சில இடங்களில் எட்டின் முறையிலே கழித்திருப்பதைக் கண்டுபிடித்தாராம். அம்மையாரே கூறிய வேடிக்கை இது. பொறியோடு பழகப் பழக மனிதர் பொறியின் கணக்கில் சிந்திக்கத் தொடங்குகின்றார் என்னும் உண்மை இவ்வேடிக்கைக்குள் இருக்கிறது. பொறியை மனிதரின் வழிக்குக் கொண்டுவர இயலாதா என்பதே அம்மையாரின் வினாவாயிற்று.

நிரலாளர்கள் முன்னரே எழுதிப் பயனளித்த பகுதிகளைக் குறிப்பேடுகளில் வைத்திருப்பர். புதிய நிரலுக்கு வேண்டும்போது அவற்றைக் கையால் படியெடுத்து, முகவரி எண்களை மாற்றிக் கூட்டி எழுதுவர். படியெடுப்பதிலும் கூட்டுவதிலும் பிழைகள் மலியும். அவ்வேலையைப் பொறியே செய்யட்டும் என்று 1952இல் அம்மையார் ஒரு நிரல் அமைத்தார். ஏ-0 என்னும் அத்தொகுப்பி, காந்த நாடாவில் உள்ள பகுதிகளைக் குறியெண்ணைக் கொண்டு தேடி எடுத்து முழு நிரலாகக் கோத்துத் தந்தது. கணிப்பொறியால் கணக்கு மட்டுமே போட முடியும், நிரல் எழுத முடியாது என்று கூறி அதைத் தொடவும் பலர் மறுத்தனர். நிரலைத் தானே கோக்கும் பொறி கண்முன் ஓடிக்கொண்டிருந்தபோது இது கூறப்பட்டது என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

அடுத்த படி சொல். கணித அறிஞர்க்குக் குறியீடு எளிது. சம்பளப் பட்டியல் போடுபவர்க்கும் சரக்கிருப்புப் பார்ப்பவர்க்கும் அது எளிதன்று. அவர்கள் நாள்தோறும் பேசும் சொற்களிலேயே ஆணையிட வழி வேண்டும் என்று அம்மையார் வாதிட்டார். அக்கருத்தை நிறுவனத் தலைவர்களுக்கு மெய்ப்பிக்க, சிறு நிரல் ஒன்றை ஆங்கிலச் சொற்களில் இயக்கிக் காட்டினார். பின்னர் அதே நிரலைப் பிரெஞ்சுச் சொற்களிலும் ஜெர்மன் சொற்களிலும் இயக்கிக் காட்டினார். பொறிக்கு எம்மொழிச் சொல்லும் ஒருசில குறிகளின் வரிசைதானே. ஒன்றை நீக்கி மற்றொன்றை வைப்பதில் அதற்குத் தடையில்லை. தலைவர்களோ அஞ்சினர். அமெரிக்காவில் செய்த கணிப்பொறிக்குப் பிரெஞ்சும் ஜெர்மனும் எப்படிப் புரியும் என்று கேட்டார்களாம். அவர்களை அமைதிப்படுத்தி, ஆங்கிலத்தில் மட்டும் செய்வோம் என்று உறுதியளித்த பின்னரே பணி தொடர்ந்ததாக அம்மையார் கூறியுள்ளார்.

அன்பர்களே, இவ்விடத்தில் சற்று நிற்போம். அமெரிக்கத் தொழிலகத்தின் அலுவல் அறையில் நிகழ்ந்த இச்சிறு நிகழ்ச்சி, ஆங்கிலம் பேசாத ஒவ்வொருவரையும் பற்றியது. பொறிக்கு ஆங்கிலம் தாய்மொழி என்று இன்றும் நம்மில் பலர் நம்புகின்றனர். அதற்குத் தாய்மொழியே கிடையாது என்பதை 1950களிலேயே ஒருவர் செய்து காட்டினார். ஆங்கிலம் நிலைபெற்றது பொறியின் இயல்பால் அன்று. அதை வாங்கியோர், விற்றோர் முடிவால்.

அப்பணியின் பயனாகப் பிறந்தது ஃப்ளோ-மேட்டிக் என்னும் மொழி. 1959இல் அரசுத் துறையினரும் நிறுவனத்தாரும் கூடிப் பொதுவான வணிக மொழி ஒன்றை வகுத்தபோது, அதற்குப் பெரிதும் அடிப்படையாய் அமைந்தது இதுவே. நம் செவிக்கு அண்டைவீட்டுக்காரர் பெயர்போல் ஒலிக்கும் கோபால் மொழிதான் அது. அதை வகுத்தது ஒரு குழு. அம்மையார் அதன் மேற்குழுவிற்கு அறிவுரையாளராக இருந்தார். 1960 டிசம்பரில், ஒரே கோபால் நிரல் இரு வேறு நிறுவனங்களின் பொறிகளில் ஓடியது. பொறி மாறினால் நிரலைத் தூக்கியெறிய வேண்டும் என்னும் நிலை தளரத் தொடங்கியது.

குறை கூறியோரும் உண்டு. நெதர்லாந்து நாட்டுக் கணிப்பொறி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, கோபாலைப் பயன்படுத்துவது சிந்தனையை முடமாக்கும் என்று 1975இல் கடிந்துரைத்தார். சொற்பெருக்கம் மிக்கது அம்மொழி என்பதை மறுக்க இயலாது. ஆயினும் 2020 ஏப்ரலில், கொள்ளைநோய்க் காலத்தில் வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்தபோது, பழைய பொறிகளை இயக்கக் கோபால் அறிந்தவர்கள் உதவ வேண்டும் என்று நியூஜெர்சி மாநில ஆளுநர் வெளிப்படையாக வேண்டினார். அறுபதாண்டு கழித்தும் மக்களின் உதவித்தொகை அம்மொழியை நம்பியிருந்தது.

1966 இறுதியில் கடற்படையின் சேமப்படையிலிருந்து அம்மையாருக்கு ஓய்வளித்தனர். ஏழு மாதத்திற்குப் பின், 1967 ஆகஸ்டில், ஆறு மாதப் பணி என்று மீண்டும் அழைத்தனர். அந்த ஆறு மாதம், இடையே ஓர் ஓய்வு நீங்கலாக, 1986 வரை நீண்டது. அங்கு அவர் செய்தது என்ன? ஒவ்வொரு நிறுவனமும் கோபாலைத் தன் விருப்பப்படி திரித்து வழங்கியது. எது தரத்திற்கு ஒத்தது, எது ஒவ்வாதது என்று சோதித்தறியும் நிரல்களை அவர் குழு உருவாக்கியது. புகழ் தராத பணி. ஆயினும் மொழி சிதறாமல் காத்த பணி.

ஊர்தோறும் சென்று இளைஞர்களிடம் பேசினார். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு நேரத்தில் மின்சாரம் செல்லக்கூடிய பெருந்தொலைவு இதுதான் என்று, ஏறத்தாழ முப்பது செண்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளை அவையினர்க்கு வழங்குவார். எப்போதும் இப்படித்தான் செய்துவந்தோம் என்னும் பேச்சை அவர் வெறுத்தார். அதை நினைவூட்ட, இடப்புறமாகச் சுழலும் கடிகாரம் ஒன்றை அலுவலகத்தில் மாட்டியிருந்தார். எழுபத்தொன்பதாம் வயதில், 1986 ஆகஸ்டு 14ஆம் நாள், ரியர் அட்மிரல் நிலையில் ஓய்வு பெற்றார். உடனே டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் ஆலோசகராகச் சேர்ந்து, 1992 ஜனவரி 1ஆம் நாள் மறையும்வரை அப்பொறுப்பில் இருந்தார்.

ஆசிரியர், படை அலுவலர், நிறுவன நிரலாளர், மீண்டும் படை அலுவலர், ஆலோசகர் என எத்தனை மாற்றங்கள்! ஆயினும் வகுப்பறையில், புரியாதவர்க்குப் புரியவைக்கத் தொடங்கிய தொழிலை அவர் ஒருநாளும் விடவில்லை. மாணவர் மட்டும் மாறினர். இடையில் சில காலம் மாணவராய் அமர்ந்தது பொறி. வேலை மாறும் நம் இளைஞர்களுக்கு நான் கூறத்தக்கது இதுவே. எத்தனை முறை வேண்டுமாயினும் மாறுங்கள். ஊதியம் கருதியும் மாறுங்கள், அது குற்றமன்று. ஆனால் ஓரிடத்தை விட்டு மற்றோரிடம் செல்லும்போது கையோடு எடுத்துச் செல்லும் வினா ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

இனி நம் வட்டத்திற்கு ஒரு சொல். ஒரு மொழி நிறுவனத்திற்கு ஒரு வடிவமாய்ச் சிதறினால் என்ன நேரும் என்பதை நாம் பட்டறிந்தவர்கள். 1990களில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தனித்தனிக் குறியாக்கத்தில் இயங்கியது. ஒருவர் தட்டச்சு செய்த கட்டுரை மற்றொருவர் கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றும். 1991இல் ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணைய மாநாடு விசைப்பலகைக்கும் குறியாக்கத்திற்கும் தரம் காண முயன்றது. இன்று அத்துன்பம் பெரிதும் நீங்கிவிட்டது. தமிழ்ச் சொற்களையே ஆணைகளாகக் கொண்ட எழில் என்னும் நிரல்மொழியும் உருவாகியுள்ளது.

ஆயினும் நம் மூத்த எழுத்தாளர் பலரின் அக்காலக் கட்டுரைகள் பழைய நெகிழ்தட்டுகளிலும், திறக்க இயலாத கோப்புகளிலும் முடங்கிக் கிடக்கின்றன. எழுதியவர் நம்மோடு இருக்கும்போதே அவற்றை மீட்டால், ஐயத்திற்கிடமான எழுத்தை அவரிடமே கேட்டுச் சரிபார்க்கலாம். பின்னர் கேட்க ஆளிராது. நம் வட்டத்தில் மென்பொருள் துறையினர் பலர் உள்ளனர். மூத்தவர் ஒருவர்க்கு இளையவர் ஒருவர் என்று அமைந்து, பதினோராம் ஆண்டிற்குள் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இதுவும் புகழ் தராத பணியே. மொழி சிதறாமல் காக்கும் பணி அப்படித்தான் இருக்கும் என்பதை அம்மையாரின் வாழ்வில் கண்டோம்.