நோயாளர் குறிப்பும் வைத்திய உலகமும்

(சங்கத்தின் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



சர்வகலாசாலையிற் பயிலும் மாணவராகிய நாம் இம்மேடையிற் பேசத் துணிந்தது அறிவுரை கூறுவதற்கன்று. படித்ததிற் பயனுள்ள ஒன்றை உங்களுடன் பகிர்ந்துகொள்வதற்கேயாகும்.

வைத்தியர் ஒருவர் தாம் பார்த்த நோயாளியின் வரலாற்றை, நோய் எவ்வாறு தொடங்கிற்று, என்ன மருந்து கொடுக்கப்பட்டது, முடிவு என்னவாயிற்று என்று எழுதிச் சஞ்சிகையில் வெளியிடுகின்றார். இதனைக் ‘கேஸ் றிப்போட்’ என்பர். நாம் நோயாளர் குறிப்பு என்போம். ஆயிரக்கணக்கானோரிடம் மருந்தைச் சோதித்து முடிவு கூறும் பேராய்வுகள் மலிந்த இக்காலத்தில், ஒருவர் இருவரைப் பற்றிய சிறு குறிப்பால் என்ன பயன் என்று கேட்பாருமுளர். இவற்றுக்கு இடங்கொடுக்கத் தயங்கும் சஞ்சிகைகளும் உள. இக்கேள்விக்கு ஒரேயொரு மருந்தின் வரலாற்றைக் கொண்டு விடைகாண முயல்வோம்.

அம்மருந்தின் பெயர் தலிடோமைட். 1957ஆம் ஆண்டு மேற்கு ஜேர்மனியில் விற்பனைக்கு வந்தது. நல்ல உறக்கம் தருவது, எவ்விதத் தீங்குமற்றது என்று விளம்பரம் செய்யப்பட்டது. கர்ப்பிணிகளும் குமட்டலைத் தணிக்க இதனை உட்கொண்டனர்.

ஸ்கொத்லாந்திலே டரிவ் என்னுஞ் சிற்றூரில் லெஸ்லி புளோரன்ஸ் என்றொரு வைத்தியர் இருந்தார். அவர் பேர்பெற்ற ஆராய்ச்சியாளரல்லர்; ஊர்மக்களுக்கு அன்றாடம் மருந்து கொடுப்பவர். இம்மருந்தை நெடுநாள் உட்கொண்ட தம் நோயாளர் நால்வருக்கு முதலிற் பாதங்களும் பின்னர் கைகளும் விறைக்கக் கண்டார். இதற்கு இம்மருந்துதான் காரணமோ என்று வினவி அவர் எழுதிய சிறு கடிதம், 1960 டிசம்பர் 31ஆந் திகதி பிரித்தானிய வைத்திய சஞ்சிகையில் வெளிவந்தது.

அதே வேளையில், இம்மருந்தை அமெரிக்காவில் விற்க அனுமதி கோரும் விண்ணப்பம், அந்நாட்டு உணவு மருந்து நிருவாகத்தில் பிரான்சிஸ் கெல்சி என்னும் அம்மையாரின் மேசையில் இருந்தது. அவர் அங்கே பணியேற்றுச் சில மாதங்களே ஆகியிருந்தன. 1961 பெப்ரவரியில் அக்கடிதம் அவர் கண்ணிற் பட்டது. நரம்பைத் தாக்கும் மருந்து கருவிலுள்ள சிசுவை என்செய்யும் என்ற ஐயம் அவருக்கு எழுந்தது. தீங்கில்லை என்பதற்குச் சான்று கேட்டார். கம்பனியார் பலமுறை நெருக்கியும் இணங்கினாரல்லர்.

1961 நவம்பரில் ஹம்பேர்க் நகரத்துக் குழந்தை வைத்தியர் லென்ஸ், கை கால் குறைந்து பிறக்கும் குழந்தைகளின் தாய்மார் இம்மருந்தை உட்கொண்டவர்கள் என்று எச்சரித்தார். சில நாட்களுள் ஜேர்மனியில் மருந்து மீளப்பெறப்பட்டது. டிசம்பரில் அவுஸ்திரேலிய மகப்பேற்று வைத்தியர் மக்பிறைட் ‘லான்செற்’ சஞ்சிகைக்குத் தாம் கண்டதைச் சில வரிகளில் எழுதி, வேறெவரேனும் இவ்வாறு கண்டதுண்டோ என்று கேட்டார். அதற்குள் உலகில் 10,000க்கு மேற்பட்ட குழந்தைகள் பாதிக்கப்பட்டுவிட்டனர் என மதிப்பிடப்படுகின்றது. அமெரிக்காவில் மருந்து விற்பனைக்கு வராமையால் அங்கே எத்தனையோ குழந்தைகள் தப்பினர்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். வைத்தியத்தில் அது பொருந்தாது. நால்வருக்குக் கால் விறைத்தமையால் எல்லோருக்கும் விறைக்கும் என்று முடிவுகட்ட முடியாது. ஆயினும், சோற்றிலே ஒரு கல் பல்லிற் பட்டால் நாம் என்செய்வோம்? பானை முழுவதும் கல்லென்று சொல்லோம்; அடுத்த கவளத்தைக் கவனித்து உண்போம். நோயாளர் குறிப்பின் பயன் இதுவே. அது தீர்ப்பன்று, எச்சரிக்கை. தீர்ப்புக்குப் பேராய்வு வேண்டும். ஆனால் எதனை ஆராய்வது என்று காட்டுவது பெரும்பாலும் ஒரு தனிமனிதனின் கண்ணே.

தீமையை மட்டுமன்று, நன்மையையும் அக்கண் காணும். 1964ஆம் ஆண்டு ஜெருசலேமில் வைத்தியர் செஸ்கின், தொழுநோயின் கொடிய வேதனையால் உறங்காத ஒருவருக்கு உறக்கத்துக்கென இதே தலிடோமைட்டைக் கொடுத்தார். உறக்கம் வந்தது, வேதனையும் தணிந்தது. அவர் அதனைக் குறித்து, மேலுஞ் சிலரிடம் பார்த்து, 1965இல் வெளியிட்டார். பிற்கால ஆய்வுகளும் அதனை உறுதிப்படுத்தின. 1998இல், கர்ப்பிணிகள் உட்கொள்ளாவண்ணம் கடும் விதிகளுடன், தொழுநோயின் அவ்வுபாதைக்கு அமெரிக்கா இம்மருந்தை அனுமதித்தது.

ஆனால், தனியொருவர் சொல்லை நம்பும் இடத்தில் அவர் உண்மை பேசுதல் வேண்டும். மக்பிறைட்டின் பிற்கால வரலாறு மனத்தை வருத்துவது. முயல்களில் வேறொரு மருந்தைச் சோதித்தபோது கணக்குகளை மாற்றி வெளியிட்டார் என்று 1993இல் விசாரணை மன்றம் தீர்த்தது. வைத்தியர் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டு, 1998இலேயே மீண்டும் சேர்க்கப்பட்டது. குழந்தைகளைக் காத்த அதே கை பொய்க்கணக்கையும் எழுதிற்று.

அவரை இகழ்வதற்கு முன் நாம் நம்மை எண்ணிப் பார்க்கின்றோம். கல்லூரிப் பௌதிக ஆய்வுகூடத்தில் ஊசலின் அலைவை அளந்து, விடை பிழைத்தபோது, பாடப்புத்தகத்துக்கேற்ப எண்ணைச் சற்றே திருத்தி எழுதியிருக்கின்றோம். ஆசிரியர் ‘சரி’ போட்டார், நாமும் மகிழ்ந்தோம். அது விளையாட்டன்று, ஒரு பழக்கத்தின் தொடக்கம் என்பதை இன்று உணர்கின்றோம். புளோரன்ஸ் தம் சிகிச்சையில் நேர்ந்த தீங்கை மறைத்திருக்கலாம். முதுமையென்றோ குளிரென்றோ சொல்லியிருந்தால் கேட்பார் எவருமிலர். அவர் கண்டதைக் கண்டபடி எழுதினார்.

நண்பர்களே, நம்மில் எல்லோரும் வைத்தியராகப் போவதில்லை. ஆயினும் கந்தோரிலோ வகுப்பறையிலோ வயலிலோ, எதிர்பாராத ஒன்றைக் காணும் நாள் நம் ஒவ்வொருவருக்கும் வரும். அன்று எண்ணைத் திருத்துவோமா, உள்ளதை எழுதுவோமா? நாம் அறியாத ஊரில், நாம் காணாத குழந்தையின் வாழ்வு அவ்விடையிலே தங்கியிருக்கவுங்கூடும்.