கடைசி வாங்கும் புதிய ஆசிரியரும்

கிழக்கிலங்கையின் கரையோரத்தில் மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊரோடு ஊர் தோள்தொட்டு நிற்கின்றது. கிழக்கே கடல், மேற்கே வயல், இரண்டிற்கும் இடையே மக்கள் செறிந்து வாழும் மணல் நிலம். மீனவர் பிள்ளையும், உழவர் பிள்ளையும், நெசவாளர் பிள்ளையும், வணிகர் பிள்ளையும் ஒரே வகுப்பில் அமர்ந்து படிக்கும் பாடசாலைகள் இங்கு மலிந்துள்ளன. ஆசிரியத் தொழிலுக்கு இப்பகுதியில் நெடுங்காலமாகவே மதிப்பு மிகுதி. ஆயினும், இவ்வூர்களிலும், நாட்டின் ஏனைய ஊர்களிலும், வகுப்பறையின் கடைசி வாங்கில் ஒரு பிள்ளை அமர்ந்திருப்பதுண்டு. அப்பிள்ளை குழப்பம் செய்வதில்லை, வினா எழுப்புவதுமில்லை. வரவு இடாப்பில் அதற்குப் பெயர் உண்டு, பாடத்தில் இடமில்லை. தரம் ஒன்றிலிருந்து இரண்டிற்கும், இரண்டிலிருந்து மூன்றிற்கும் ஆண்டுதோறும் ஏறிச் செல்கின்றது. எழுத்து மட்டும் அதனோடு ஏறிச் செல்வதில்லை.

அத்தகைய வகுப்பினுள் ஆசிரிய மாணவர் ஒருவர் முதன்முதலாகக் காலடி வைக்கின்றார். அட்டாளைச்சேனையில் சென்ற நூற்றாண்டின் நாற்பதுகளில் தோன்றிய ஆசிரியர் கலாசாலை இக்கரையோரத்துக்குத் தலைமுறை தலைமுறையாக ஆசிரியர்களை ஆக்கித் தந்தது. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டத்தின் வழியே தேசிய கல்வியியற் கல்லூரிகள் எழுந்தபின், ஈராண்டு கல்லூரியில் கற்று, மூன்றாம் ஆண்டைப் பாடசாலையில் கட்டுறுப் பயிற்சியாகக் கழிக்கும் முறை வந்தது. உளவியலும், கற்பித்தல் முறையும், பாடத்திட்டம் எழுதும் திறனும் அவருக்குக் கைவந்திருக்கின்றன. ஆனால் அவர் எழுதிய பாடத்திட்டம், பிள்ளைகள் யாவரும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் கற்பர் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்தது. கடைசி வாங்கிலுள்ள பிள்ளை அந்நம்பிக்கையை முதல் வாரத்திலேயே தகர்த்துவிடுகின்றது. அப்பொழுது அவர் முன் இரண்டு வழிகள் தோன்றும். பாடத்திட்டத்தைக் காப்பாற்றிக்கொண்டு பிள்ளையை விட்டுவிடுவது ஒன்று. பிள்ளையைப் பற்றிக்கொண்டு பாடத்திட்டத்தைத் திருத்துவது மற்றொன்று. எந்த வழியை அவர் தேர்கின்றார் என்பதில் ஒரு மனித வாழ்வே தங்கியிருக்கின்றது.

இப்பிள்ளைகளுக்குக் கல்வி தரவேண்டும் என்னும் எண்ணம் இலங்கைக்குப் புதிதன்று. 1912ஆம் ஆண்டில், மேரி சப்மன் என்னும் ஆங்கிலப் பெண்மணியின் முயற்சியால், செவிப்புலனற்றோருக்கும் விழிப்புலனற்றோருக்குமான பாடசாலை கொழும்பின் தென்புறத்தில் தொடங்கப்பெற்றது. இரத்மலானைப் பாடசாலை என்று பின்னர் பெயர் பெற்றது அதுவே. தமிழ்ப் பிள்ளைகளுக்கென 1956இல் யாழ்ப்பாணத்துக் கைதடியில் நபீல்ட் பாடசாலை எழுந்தது. இவை ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் கல்முனைக் கரையில் வாழும் ஓர் உம்மாவுக்கு இரத்மலானையும் தொலைவு, கைதடியும் தொலைவு. பார்வையற்ற சிறு மகளை அத்துணைத் தூரத்துக்கு அனுப்ப எந்தத் தாயின் மனம்தான் எளிதில் இசையும்? அறுபதுகளின் இறுதியில், இப்பிள்ளைகளைச் சாதாரண பாடசாலைகளிலேயே சேர்த்துக் கற்பிக்கும் முயற்சியை அரசு மேற்கொண்டது. 1994இல் ஸ்பெயின் நாட்டின் சலமன்கா நகரில் 92 அரசுகளின் பேராளர் கூடி, எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமளிப்பதே பாடசாலையின் கடமை என்று பிரகடனம் செய்தனர். இலங்கையில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அங்கவீனம் காரணமாகக் கல்வி நிலையத்தில் எவரையும் வேறுபடுத்தல் ஆகாது என்றது. 1998 முதல் ஐந்து வயது தொடக்கம் பதினான்கு வயது வரை கல்வி கட்டாயமாயிற்று. 2016இல் அவ்வெல்லை பதினாறாக உயர்ந்தது.

சட்டம் பிள்ளையைப் பாடசாலை வாயில் வரை கொணர்ந்து விடும். வாயிலிலிருந்து பாடம் வரை அதனைக் கொணர வேண்டியவர் ஆசிரியர். அதற்கு அவர் கற்கவேண்டியவை யாவை?

முதலாவது, தீர்ப்புச் சொல்லும் முன் உற்று நோக்கும் பழக்கம். மந்தம் என்றும் சோம்பல் என்றும் முத்திரையிடப்பெற்ற பிள்ளைகளுள் சிலருக்குக் கண் தெளிவாகத் தெரிவதில்லை. வேறு சிலருக்குக் காது சரிவரக் கேட்பதில்லை. கரும்பலகையைப் பார்க்கையில் கண்ணைச் சுருக்குகின்றதா, பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதுகின்றதா, பின்புறமிருந்து பெயர் சொல்லி அழைத்தால் திரும்புகின்றதா என்பனவற்றை ஒரு கிழமை கூர்ந்து நோக்கினாலே பல உண்மைகள் புலனாகும். அடிக்கடி சளி பிடித்துக் காதிலே சீழ் வடியும் பிள்ளை, கேள்வி குன்றிய பிள்ளையாக இருத்தல் கூடும். ஆசிரியர் வைத்தியர் அல்லர். நோய்க்குப் பெயர் சூட்டுவது அவர் தொழிலன்று. ஆனால் வைத்தியரிடம் அனுப்பவேண்டிய பிள்ளையை முதலிற் கண்டறியும் வாய்ப்பு, பெற்றோருக்கு அடுத்தபடியாக அவருக்கே உண்டு. ஒரு சோடி மூக்குக்கண்ணாடி, மந்தம் என்று ஊரார் சொன்னதைப் பொய்யாக்கிவிடுவதும் உண்டு.

இரண்டாவது, தன் பழக்கங்களைத் திருத்திக்கொள்ளல். கேள்வி குன்றிய பிள்ளை உதட்டசைவையும் முகத்தையும் துணையாகக் கொண்டே பேச்சை உணர்கின்றது. ஆசிரியரோ கரும்பலகையின் பக்கம் முகத்தைத் திருப்பி, வெண்கட்டியால் எழுதிக்கொண்டே பேசுகின்றார். அந்நேரத்தில் அவர் கூறுவது யாவும் அப்பிள்ளைக்கு இல்லாத பேச்சே. யன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று பேசினால், கரையோரத்தின் கடுவெளிச்சம் பின்புறமிருந்து அடிக்க, அவர் முகம் நிழலாகிவிடும். எழுதி முடித்துத் திரும்பிப் பேசுதல், வெளிச்சம் தன் முகத்தில் விழும் இடத்தில் நிற்றல், ஒரு சகபாடி கூறிய விடையைத் திரும்பச் சொல்லுதல் ஆகிய இவற்றுக்குப் பணச்செலவு ஒன்றுமில்லை. இவற்றால் ஏனைய பிள்ளைகளுக்குக் கேடு வருவதுமில்லை, நன்மையே வரும்.

மூன்றாவது, தாய்மொழியைப் புதிய கண்கொண்டு நோக்குதல். ஆண்டாண்டாகத் தமிழை வாசித்துப் பழகியவருக்கு அதன் எழுத்து முறையில் உள்ள சிக்கல் தெரிவதில்லை. ‘கொ’ என்னும் எழுத்தை எடுத்துக்கொள்க. காது முதலிற் கேட்பது ககர ஒலி, பின்னரே ஒகரம். கண் முதலிற் காண்பதோ கொம்பு, அடுத்து ககரம், இறுதியில் கால். ஒலி ஒரு வரிசையில் வர, வடிவம் வேறொரு வரிசையில் நிற்கின்றது. வாசிப்பில் இடர்ப்படும் பிள்ளை இங்கேதான் தடுமாறுகின்றது. ணகர னகரமும், லகர ளகர ழகரமும், ரகர றகரமும் பேச்சிலே பெரும்பாலும் ஒன்றுபோல ஒலிக்க, எழுத்திலே வேறாகி நிற்பது அடுத்த தடுமாற்றம். ‘எத்தனை தரம் சொன்னேன்’ என்று சினந்துகொள்வதனால் இத்தடுமாற்றம் நீங்காது. கொம்பு, ககரம், கால் என மூன்றையும் தனித்தனி மட்டைகளில் எழுதிக் கையிற் கொடுத்து, ஒலித்துக்கொண்டே சேர்க்கச் செய்யலாம். கரையோரத்துப் பிள்ளைக்கு மணலைப் போன்ற பலகை வேறு எது? ஈரமணலில் விரலால் பெரிதாக எழுதும்பொழுது, கண் மறந்ததைக் கை நினைவிற் கொள்ளுகின்றது.

விழிப்புலனற்றோர் தடவி வாசிக்கும் பிரெயில் எழுத்தை அறிந்த ஆசிரியர் இவ்விடத்தில் ஒரு வியப்பைக் காண்பார். ஆறே புள்ளிகள், அவற்றை மாற்றி மாற்றி அமைத்தால் அறுபத்துமூன்று வடிவங்கள். 1951இல் இந்திய மொழிகளுக்கென ஒழுங்கு செய்யப்பெற்ற பாரதி பிரெயில் முறையில், தமிழின் உயிர்மெய் ஒலிக்கும் வரிசையிலேயே எழுதப்பெறுகின்றது. மெய்க்குரிய குறி முன்னே, உயிர்க்குரிய குறி பின்னே. கண்ணுள்ள பிள்ளையைக் குழப்பும் கொம்பு அங்கே இல்லை! குறைபாடு பிள்ளையிடம் மட்டும் இருப்பதில்லை. கற்பிக்கும் கருவியிலும் அது ஒளிந்திருத்தல் கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நான்காவது, பெரிய செயலைச் சிறு படிகளாகப் பகுத்தல். உளவளர்ச்சி குன்றிய பிள்ளைக்கு ‘வுழூச் செய்’ என்னும் ஒரு சொல் மலைபோலத் தோன்றும். கையைக் கழுவுதல், வாய் கொப்பளித்தல், மூக்கைச் சுத்தம் செய்தல், முகம் கழுவுதல், முழங்கை வரை கழுவுதல், தலையை ஈரக்கையால் தடவுதல், கால்களைக் கழுவுதல் என்று பிரித்தால், ஒவ்வொன்றும் ஏறக்கூடிய படியாகும். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. முதல் படியிலிருந்து தொடங்காமல் இறுதிப் படியிலிருந்து தொடங்கலாம். ஏனையவற்றுக்கு எல்லாம் கைகொடுத்து உதவி, கால் கழுவுவதை மட்டும் பிள்ளையிடம் விட்டால், ‘செய்து முடித்தேன்’ என்னும் மகிழ்ச்சி முதல் நாளிலேயே அதற்குக் கிட்டும். அடுத்து அதற்கு முந்திய படி. பின் அதற்கும் முந்தியது. சட்டைக்குப் பொத்தான் இடுதலும், செருப்பு அணிதலும், கடைக்குச் சென்று மிகுதிக் காசு எண்ணி வாங்குதலும் இவ்வாறே கற்பிக்கப்படலாம். நெல்லை மரைக்காலால் அளக்கும் வீட்டுப் பிள்ளைக்கு மரைக்காலும், மருதமுனைத் தறியோரத்துப் பிள்ளைக்கு நூலின் நிறமும், கரைவலை இழுப்பவர் பிள்ளைக்கு மீன் குவியலும் எண்கணிதப் பாடமாகக் கூடும்.

இத்தொழில் உலகுக்கு வழங்கிய கொடையையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். மரியா மொண்டிசோரி அம்மையார் உரோமாபுரியில் முதன்முதல் ஆராய்ந்தது உளவளர்ச்சி குன்றிய பிள்ளைகளின் கல்வியையே. அவர்களுக்கெனக் கண்ட முறைகளையே 1907இல் சாதாரண பிள்ளைகளுக்கும் விரித்தார். அதிலிருந்து உலகெங்கும் பாலர் கல்வி மலர்ந்தது. 1887இல் ஹெலன் கெல்லர் என்னும் ஏழு வயது கூட நிரம்பாத சிறுமிக்குக் கற்பிக்கச் சென்ற ஆன் சலிவனுக்கு வயது இருபதே. முன்னர் கற்பித்த அனுபவம் அவருக்கு இல்லை; அவரது பார்வையும் பழுதுற்றது. வகுத்த நேரசூசியைச் சில வாரங்களில் கைவிட்டு, பிள்ளையின் நாள்முழுவதையும் பாடமாக்கியதே அவர் கண்ட வழி. புதிய ஆசிரியர் என்பது தகுதிக் குறைவு அன்று என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

கரையோரத்து முஸ்லிம் ஊர்களுக்கு இவ்வுணர்வை வெளியிலிருந்து கொணர வேண்டியதும் இல்லை. பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் அறிவு நாடி வந்தபோது, குறைஷித் தலைவர்களைவிட அவரே கவனத்துக்குரியவர் என்பதை உணர்த்தத் திருக்குர்ஆனின் எண்பதாம் அத்தியாயம் அருளப்பெற்றதை அங்குள்ள சிறுவரும் அறிவர். அவர் மதீனாவில் பாங்கு சொல்பவராகவும் விளங்கினார். எகிப்து நாட்டின் தாஹா ஹுசைன் சிறு வயதிலேயே பார்வையை இழந்து, கிராமத்து ஓதும் பள்ளியில் காதாற் கேட்டே திருமறையை மனனம் செய்தவர். 1950இல் அந்நாட்டின் கல்வி அமைச்சரானார். இரக்கம் இவர்களை உயர்த்தவில்லை; இடமளித்தலே உயர்த்தியது. ‘பாவம், விட்டுவிடுங்கள்’ என்று பிள்ளையைக் கேள்வியிலிருந்து விலக்கி வைக்கும் இரக்கம், கோபத்தைவிடக் கொடிய தீங்கு செய்தல் கூடும். பிள்ளைக்கு எட்டக்கூடிய கேள்வி ஒன்றைத் தேடிப்பிடித்துக் கேட்பதே மெய்யான அன்பு.

விசேட கல்வி அலகுகள் அமைந்த பாடசாலைகளில் வேறோர் ஆபத்து உண்டு. கற்பதில் பிந்திய பிள்ளை ஒவ்வொன்றையும் அங்கு அனுப்பிவிட்டு, வகுப்பு இலேசாயிற்று என்று ஆறுதல் கொள்ளும் மனப்பான்மையே அது. அலகு என்பது ஒதுக்கிடம் அன்று. பிள்ளை வலுப்பெற்று மீளும் இடைத்தங்கல். விளையாட்டிலும், சித்திரத்திலும், காலைக் கூட்டத்திலும் அப்பிள்ளை ஏனையோருடன் கலந்திருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகளைக் கொண்ட வகுப்பில் ஒருவரே நின்று இவையனைத்தையும் செய்தல் எளிதன்று என்பது உண்மையே. அதிபரின் ஆதரவும், வலயக் கல்விப் பணிமனையின் உதவியும், வைத்தியசாலையின் துணையும் இன்றி ஆசிரியர் தனித்து வெல்ல முடியாது. எனினும் அவருக்கு அருகிலேயே ஓர் ஆசான் உண்டு, அப்பிள்ளையின் தாய். பிள்ளை எதற்குச் சிரிக்கும், எதற்கு அஞ்சும், பசியை எவ்வாறு சைகையால் உணர்த்தும் என்பவற்றை எல்லாம் அவள் அறிவாள். வீட்டு வாசலில் சென்று அமர்ந்து, ‘உம்மா, இவர் வீட்டில் என்னென்ன செய்வார்?’ என்று மரியாதையோடு கேட்கும் ஆசிரிய மாணவர், நூலில் இல்லாத பாடத்தைப் பெற்றுத் திரும்புவார். பிள்ளையை ஊரார் கண்ணில் படாமல் உள்ளறையில் வைத்திருந்த குடும்பத்துக்கும், ‘ஆசிரியர் தேடி வந்தார்’ என்பதே முதல் துணிவாக அமையும்.

கட்டுறுப் பயிற்சி ஆண்டு முடிவில் ஆசிரிய மாணவரின் பாடத்திட்டங்களும் பதிவேடுகளும் மதிப்பிடப்பெறும். அவற்றில் புள்ளி பெறுதல் வேண்டியதே. ஆனால், கடைசி வாங்கிலிருந்த பிள்ளை தன் பெயரைத் தானே எழுதியதா, ஒரு கேள்விக்குக் கையுயர்த்தியதா, ஒரு நண்பனைப் பெற்றதா என்பனவற்றை அளக்கும் படிவம் எதுவும் இல்லை. அவ்வளவை ஆசிரியரே தம் உள்ளத்தில் வைத்து அளந்துகொள்ள வேண்டும். அப்பிள்ளைக்குக் கற்பிக்கக் கற்றவர், வேறு எப்பிள்ளைக்கும் கற்பிக்க வல்லவர்.