வீட்டுக் குளத்திற்கு இடம் தேர்தல்



வீட்டின் பின்புறத்தே சிறு குளம் ஒன்று அமைத்து, அல்லியும் மீனும் வளர்க்க வேண்டும் என்னும் ஆவல் செராஸ் வட்டாரத்துக் குடும்பங்கள் பலவற்றில் உண்டு. ஆவல் நல்லதே. ஆயினும் குளம் எத்தகையதாக அமைய வேண்டும் என்று எண்ணும் அளவிற்கு, அஃது எங்கே அமைய வேண்டும் என்று எவரும் எண்ணுவதில்லை. அதுபற்றியே இன்று சில கூற விழைகின்றோம்.

தேங்கிய நீர் என்றால் அஞ்சுவது தோட்ட மக்களுக்குப் பழகிய ஒன்று. 1901-ஆம் ஆண்டில் கிள்ளானில் மருத்துவராகப் பணியேற்ற மல்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் கால்வாய் வெட்டி நீரை வடியச் செய்து மலேரியாவைத் தணித்தார். குன்றுப்பாங்கான தோட்டங்களிலோ அம்முறை பலிக்கவில்லை. அங்கே நோய் பரப்பிய கொசு, வெயில் படும் தெளிந்த ஓடைநீரில் பெருகுவது. எந்த நீர், எங்கே என்பதே அன்றும் கேள்வியாயிருந்தது.

இன்று நம் அச்சம் டிங்கிக் காய்ச்சல். ஏடிஸ் கொசு, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே பாத்திரத்தின் சுவரில் முட்டையிடும். அம்முட்டைகள் உலர்ந்தும் பல மாதங்கள் உயிர்த்திருக்கும். நனைந்தபின் ஏறத்தாழப் பத்து நாளில் கொசுவாகிவிடும். கப்பி மீன்கள் நீந்தும் குளத்தில் புழுக்கள் பெரும்பாலும் தப்புவதில்லை. உண்மையான ஆபத்து, பாதி தோண்டிக் கைவிடப்பட்ட குழியிலும், பக்கத்திலே கிடக்கும் வாளியிலும், பூச்சட்டித் தட்டிலுமே உள்ளது. இவற்றில் கொசுப்புழு காணப்பட்டால், 1975-ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டப்படி வீட்டில் குடியிருப்போரே பொறுப்பாவர்.

எனவே சங்குலைக் கையிலெடுக்குமுன், இரண்டு மூன்று பெருமழைகளைக் கவனியுங்கள். பிற்பகல் மழையில் நீர் எவ்வழி ஓடி எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். நீர் தேங்கும் அப்பள்ளமே குளத்திற்கு ஏற்றது என்று பலர் முடிவு செய்கின்றனர். அது தவறு. சேறும், உரமும், சவர்க்கார நீரும் அங்கேதான் வந்து சேரும், மீன்கள் மாளும். சற்று மேடான இடமே தக்கது. மிகுநீர் கால்வாய்க்குச் செல்ல ஒரு குழாய் வைத்து, அதன் வாயில் வலை கட்டுக. அண்டை வீட்டாரின் பக்கம் அதனைத் திருப்பிவிடலாகாது.

செராஸ் மேடுபள்ளம் நிறைந்த நிலம். எட்டு அடி நீளமும் ஐந்து அடி அகலமும் இரண்டு அடி ஆழமும் கொண்ட குளம் ஏறக்குறைய 2,260 லிட்டர் நீர் கொள்ளும். எடையோ இரண்டேகால் டன். இப்பாரத்தைச் சரிவின் விளிம்பிலோ தாங்குசுவரின் தலைமேலோ ஏற்றலாகாது. கசியும் நீர் மண்ணை இளக்கும். 1993 டிசம்பர் 11-இல் உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் கட்டடம் ஒன்று சாய்ந்து 48 பேர் மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. வீட்டுக் குளத்தை அதனோடு ஒப்பிடவில்லை. வடிகாலற்ற நீர் சரிவுக்குப் பகை என்பதற்காகவே கூறினோம்.

மாமரத்தடியும் வேண்டா. இலைகள் விழுந்து அழுகும். குளத்திற்காக மாமரத்தை வெட்டுவோர் நம்மில் இலர். குளத்தை நகர்த்துவதே எளிது. அல்லி பூக்க நாளில் ஐந்தாறு மணி நேர வெயில் தேவை. கடும் மதிய வெயில் மட்டும் சுவர் நிழலால் தணியுமாயின் மீனுக்கு நலம். மலக்குழித் தொட்டி, நிலத்தடிக் குழாய் ஆகியவை செல்லும் இடத்தையும் அறிந்துகொள்க. பின்சந்து நகராட்சியின் நிலம். அங்கே தோண்டுதல் கூடாது.

தவழும் குழந்தைக்குச் சில அங்குல நீரே போதும், உயிரைப் பறிக்க. ஆதலால் சமையலறைச் சன்னலிலிருந்து முழுதும் தெரியும் இடத்தையே தேர்ந்தெடுங்கள். நீர்மட்டத்திற்கு மேலே உறுதியான இரும்புவலை ஒன்றையும் பொருத்துங்கள்.